தொண்ணூற்றாறு சதவீதம்

ஜூன் 10, திங்கள்

காலையில் லேபுக்குள் நுழைந்ததும் என் கண் வழக்கம்போலப் போர்டுக்குத்தான் போனது. என் 84ஐக் காணோம்.

எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. யாருடைய புரோகிராம் அதிக மதிப்பெண் வாங்குகிறதோ, அந்த எண்ணையும் பெயரையும் வெள்ளைப் போர்டின் மேல் மூலையில் எழுதி வைக்க வேண்டும். அதை யாராவது முந்தும்வரை அழிக்கக் கூடாது. லேபின் தலைவர் நமச்சிவாயம் சார் கொண்டுவந்த பழக்கம் இது. மூன்று வருடமாக அங்கே ‘84 – உமையாள்’ என்று இருந்தது. பெருக்க வருகிற அம்மாகூட அந்த மூலையில் துணியை வைக்க மாட்டார்.

இப்போது ‘96.2 – பெனாசிர்’ என்றிருக்கிறது, பச்சை மார்க்கரில். எழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். ஜனவரியில்தான் சேர்ந்தாள். இருபத்தைந்து வயது, ஊர் அறந்தாங்கி. எக்கி நின்றால் ஐந்தடி இருப்பாள். நாற்காலி போட்டு ஏறித்தான் எழுதியிருக்க வேண்டும்.

“வாழ்த்துகள்” என்றேன். “தேங்க்ஸ்க்கா, எல்லாம் நீங்க போட்ட ரோட்டுலதான் நடந்தேன்” என்றாள். இப்படிப் பேசுகிறவர்களை என்ன செய்வது.

எனக்குப் பொறாமை இல்லை. அதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் கொத்தமல்லி, ஒரு பாக்கெட் தயிர்.

ஜூன் 11, செவ்வாய்

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து இன்று காலை டிபன் சாப்பிடும்போது இவர் கேட்கிறார், “அப்படி என்னதாம்மா கண்டுபிடிக்கிறீங்க?” இவர் ஸ்கூலில் பி.டி. வாத்தியார். விசில் அடித்தால் நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நிற்காது.

சொன்னேன். நெல்லின் டி.என்.ஏ. என்பது நாலே நாலு எழுத்தில் எழுதிய நாற்பது கோடி எழுத்து நீளமுள்ள புத்தகம். அதில் ஜீன்கள் இருக்கும் இடம் கொஞ்சம்தான். மீதியில் அங்கங்கே ஸ்விட்ச் மாதிரி சின்னத் துண்டுகள் இருக்கின்றன. மண்ணில் உப்பு ஏறினால் எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று அந்தத் துண்டுகள்தான் தீர்மானிக்கின்றன. பார்வைக்கு எல்லாம் ஒரே எழுத்து மூட்டை. எது ஸ்விட்ச், எது வெறும் எழுத்து என்று கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் கொடுத்து அதைக் கண்டுபிடிக்கச் சொல்வதுதான் எங்கள் வேலை. தெரிந்த துண்டுகளில் ஒரு பங்கைப் பாடமாகக் கொடுப்போம். மீதியை மறைத்து வைத்துப் பரீட்சை வைப்போம். நூற்றுக்கு எத்தனை சரியாகச் சொல்கிறதோ அதுதான் போர்டில் இருக்கும் எண்.

“அப்ப அந்தப் பொண்ணு தொண்ணூத்தாறு, நீ எம்பத்தி நாலு” என்றார். ஆறு வருடத்தில் இவர் சரியாகப் புரிந்துகொண்டது இதைத்தான்.

ஜூன் 14, வெள்ளி

மாதம் ஒருமுறை நடக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டம். யார் பேசுகிறார்களோ அவர்கள்தான் எல்லாருக்கும் தின்னக் கொண்டுவர வேண்டும். பெனாசிர் அவள் அம்மா ரவையில் செய்த தம்ரூட் கொண்டுவந்திருந்தாள். நெய் வழிந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன். அதற்கும் அவள்மேல் கோபம் வந்தது.

அவள் செய்திருப்பது இதுதான். டி.என்.ஏ.வில் இரண்டு இழை. ஒன்றில் இருப்பதை மற்றதில் எதிர்த்திசையில், எழுத்துகள் ஜோடி மாறி, படிக்கலாம். இரண்டும் ஒரே துண்டுதான், ஆனால் எழுதிப் பார்த்தால் வேறு வேறு மாதிரி தெரியும். என் மாடல் ஒரு இழையைத்தான் படிக்கும். இவளுடையது இரண்டையும் சேர்த்துப் படித்து, இரண்டும் ஒன்றே என்று புரிந்துகொள்ளும். இவ்வளவு எளிதான விஷயம். எனக்கு ஏன் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்ததும் பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, ஒரு சின்ன டவுட். நான் எடுத்தது உங்க ஃபைலத்தான். அதுல ஸ்விட்ச் துண்டு நாலாயிரத்து முந்நூத்தி பதினெட்டு இருக்கு. கிரீன்ஹவுஸ் ஸ்டெல்லா மேடம் நோட்டுல ரெண்டாயிரத்து நூத்தி அம்பத்தொம்பதுதான் இருக்கு. மீதி எங்கேருந்து வந்துச்சு?”

“பழைய பேப்பர்கள்லேருந்து எடுத்துச் சேத்தது. எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றேன்.

“பாத்துட்டீங்களாக்கா?”

“பாத்துட்டுதான் சொல்றேன்.”

பார்க்கவில்லை. உறையூர் பஸ் வருகிற நேரம். மூன்று வருடத்துக்கு முன்னால் எதைச் சேர்த்தேன் என்று யாருக்கு நினைவிருக்கும். என்னை அவள் கேள்வி கேட்பதுதான் பிடிக்கவில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 17, திங்கள்

வாஷிங் மெஷின் ரிப்பேர். பெனாசிர் லீவு. மொத்தத்தில் நல்ல நாள்.

ஜூன் 24, திங்கள்

ஹைதராபாத் கருத்தரங்குக்கு எங்கள் மையத்திலிருந்து ஒருவர் பேசலாம். மார்ச்சிலேயே நான் கேட்டு வைத்தது. இன்று சார் கூப்பிட்டு, “நீ தீசிஸ்ல கவனம் வைம்மா. செப்டம்பர்ல குடுத்துடணும். ஹைதராபாத்துக்குப் பெனாசிர் போகட்டும்” என்றார். என் நன்மைக்காகச் சொல்வதுபோலவே சொன்னார். நானும் அப்படியே கேட்டுக்கொண்டு தலையாட்டினேன்.

அது போதாதென்று ஸ்டெல்லா மேடம். எங்கள் கம்ப்யூட்டர் சொல்வதைச் செடியில் வைத்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்கிறவர். ஒரு துண்டை நெல்லுக்குள் ஏற்றி, வளர்த்து, உப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க ஒரு வருடமாவது ஆகும். அதனால் சுலபத்தில் யாருடைய பட்டியலையும் வாங்க மாட்டார். என் பட்டியலை மூன்று வருடமாக “பாப்போம்ப்பா, பாப்போம்ப்பா” என்றே கழித்தார். பெனாசிர் கொடுத்த பன்னிரண்டு துண்டுகளை ஜூலை 22 அன்று தொடங்குகிறாராம். கிரீன்ஹவுஸில் இடம் ஒதுக்கியாகிவிட்டதாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு ரசத்தில் உப்பு இரண்டு முறை போட்டிருக்கிறேன். இவர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு, “இன்னைக்குப் பெனாசிர் என்ன பண்ணுச்சு?” என்று கேட்டார். இந்த மாதம் நான் வேறு யாரைப் பற்றியும் பேசவில்லையாம்.

ஜூன் 28, வெள்ளி

பெனாசிரிடம் அவள் புரோகிராமைக் கேட்டேன். தீசிஸில் ஒப்பிட்டு எழுத வேண்டும் என்று காரணம் சொன்னேன். உடனே அனுப்பிவிட்டாள். “நல்லாப் பாருங்கக்கா. தப்பிருந்தா தயங்காம சொல்லுங்க.”

நாள் முழுக்கத் தப்புத் தேடினேன். ஒப்பிடுவதற்காக என்று மேலே எழுதியிருப்பது பொய். தொண்ணூற்றாறு யாருக்கும் வராது. எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அது என் கையில் அகப்பட வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என்ன செய்கிறாள், ஏன் செய்கிறாள் என்று எழுதி வைத்திருக்கிறாள். பின்னால் வருகிறவர்களுக்குப் புரிய வேண்டுமாம். இருநூறு வரி படித்ததில் ஒரு தப்பும் இல்லை. நன்றாக எழுதுகிறாள். எரிச்சலாக இருந்தது.

ஜூலை 3, புதன்

கிடைத்துவிட்டது.

புரோகிராமில் தப்பில்லை. பரீட்சையில்தான் தப்பு. பாடமாகக் கொடுத்த துண்டுகளையும் பரீட்சைக்கு மறைத்து வைத்த துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பரீட்சையில் இருக்கும் துண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மறு இழை வடிவம் பாடத்தில் இருக்கிறது. அதாவது அதே துண்டுதான், எதிர்த்திசையில் எழுதியது. அவள் மாடல் இரண்டு இழையும் ஒன்றென்று படிக்கிற மாடல். அதற்கு இது வினாத்தாளை முன்கூட்டியே கையில் கொடுத்த மாதிரி. தொண்ணூற்றாறு என்ன, நூறே வாங்கலாம்.

எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று மறைக்கப்போவதில்லை. பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். கவுணி அரிசி ஊறப்போட்டிருந்தேன், அதை வேகவைத்துத் தேங்காய்ப்பூ சேர்த்து இனிப்பாகக் கிளறினேன். எங்கள் பக்கம் கல்யாணம் காட்சிக்குச் செய்வது. “என்ன விசேஷம்?” என்றார் இவர். “சும்மாதான்” என்றேன்.

ஜூலை 19 கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்வேன். கேள்வி மாதிரித்தான் கேட்பேன். “எனக்கு ஒரு சின்ன டவுட்” என்று தொடங்க வேண்டும். அவள் என்னிடம் தொடங்கியதுபோலவே.

ஜூலை 4, வியாழன்

ஃபைல் என்னுடையது.

நேற்றே இது தோன்றியிருக்க வேண்டும். துண்டுகளை இரட்டிப்பாக்கியது பெனாசிர் இல்லை. அவள் என் ஃபைலை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினாள். என் பழைய ஃபோல்டரில் தேடினேன். 2021 மார்ச். டேட்டா போதாது, இவ்வளவு கொஞ்சத்தை வைத்து ஒன்றும் பழக்க முடியாது என்று சார் சத்தம் போட்ட வாரம். ஒவ்வொரு துண்டுக்கும் மறு இழை வடிவத்தை எழுதிச் சேர்த்து ஃபைலை இரண்டு மடங்காக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். மேலே என் பெயர், தேதி. அப்படிச் சேர்ப்பது தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் பாடத்தையும் பரீட்சையையும் பிரித்த பிறகு பாடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். நான் பிரிப்பதற்கு முன்னாலேயே சேர்த்து, ஒரே ஃபைலாக வைத்துவிட்டேன். ஃபைலோடு இருக்கும் குறிப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை.

2159 இரண்டு தடவை 4318. இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். அவள் அந்த இரண்டு எண்ணையும் என் முகத்துக்கு நேரே சொன்னாள். பழைய பேப்பர்கள் என்றேன். ஒரு பழைய பேப்பரும் இல்லை.

என் 84 அந்த ஃபைலில் வந்தது. நான் வெளியிட்ட ஒரே கட்டுரை அது. தீசிஸின் இரண்டாம் அத்தியாயமும் அதுதான். மூன்றாவதும் நாலாவதும் அதன் மேல்தான் நிற்கின்றன.

ஜூலை 5, வெள்ளி

கவுணி அரிசி மிஞ்சிப்போய் ஃப்ரிட்ஜில் இருந்தது. எனக்கு இறங்கவில்லை. இவர் சாப்பிட்டு முடித்தார்.

ஜூலை 9, செவ்வாய்

இரட்டிப்பையெல்லாம் எடுத்துவிட்டு, சுத்தமான ஃபைலில் இரண்டு மாடலையும் ஓட்டிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

என்னுடையது 71. அவளுடையது 78.

அவள் எண் என்னைவிட அதிகம் சரியும் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். அதிகம்தான் சரிந்தது. அப்படியும் ஏழு மேலே நிற்கிறாள். பொய்யிலும் அவள்தான் முதல், உண்மையிலும் அவள்தான் முதல். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்.

ஜூலை 12, வெள்ளி

யோசித்துப் பார்த்தால் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று தோன்றுகிறது. 78 என்பதும் நல்ல எண்தான். அவள் கொடுத்த பன்னிரண்டில் நாலைந்தாவது நிஜமான ஸ்விட்சாக இருக்கும். மீதி வேலை செய்யாவிட்டால், செடியில் ஆயிரம் காரணம் இருக்கும் என்று ஸ்டெல்லா மேடமே சொல்வார். அது தெரிய ஒரு வருடம் ஆகும். அதற்குள் என் தீசிஸ் முடிந்திருக்கும். ஹைதராபாத்தில் யாராவது கேள்வி கேட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். சின்ன வயது, தாங்கிக்கொள்வாள். ஆராய்ச்சி என்றால் அடிபடாமல் இருக்க முடியுமா. ஒருவகையில் அவளுக்கு அது நல்லதுதான்.

மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றாள். “அக்கா, நேரம் இருக்கா? அந்த ஃபைல் பத்திப் பேசணும்.”

“தலைவலி பெனாசிர். அப்புறம் பேசலாம்.”

பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து என் கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். தலைவலி உண்மையாகவே வந்துவிட்டது. அந்த மாத்திரையைப் போடவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து முக்கால் கிலோ சோறு எடுத்துப் போட்டார்.

பெனாசிர் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்தாள். அவள் டப்பாவிலிருந்து முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். சும்மா ஊர்க்கதை பேசினாள். எழுந்திருக்கும்போது, “அக்கா, எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்” என்றாள்.

“உங்கிட்ட என்ன சொல்றதுக்கு இருக்கு?” என்றேன்.

என்ன பெண்ணோ. எதற்கு இதைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

தெரியாமல் என்ன. தெரிந்துகொண்டேதான் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.

கூட்டத்தில் சார் தொடங்குவதற்கு முன்னால் பெனாசிர் எழுந்தாள். ஒரே ஒரு ஸ்லைடு. அதில் 96.2 என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 78 என்று போட்டிருந்தாள்.

“சார், நான் சொன்ன மதிப்பெண் தப்பு. பாடத்துல இருந்த துண்டுங்களே மறு இழையில பரீட்சையிலயும் இருந்துருக்கு. பிரிக்கறதுக்கு முன்னாடி நான் செக் பண்ணிருக்கணும். பண்ணல. என் தப்பு சார். ஸ்டெல்லா மேடம், அந்தப் பன்னெண்டத் தொடங்க வேணாம். புதுசா ஓட்டிப் பட்டியல் தர்றேன்.”

யார் ஃபைல் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். அவள் பேசி முடித்ததற்கும் சார் வாய் திறந்ததற்கும் நடுவில் நிறைய நேரம் இருந்தது. நான் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஹைதராபாத்தை ரத்து செய்தார், அது சரி. ஆனால் அதற்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இருபத்தி ரெண்டு வருஷமா லேப் வச்சிருக்கேன். தானா எந்திருச்சு வந்து தன் நம்பர அடிச்ச ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார். ஸ்டெல்லா மேடம், “எனக்கு ஒரு வருஷத்த மிச்சம் பண்ணிட்டடா கண்ணு” என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். என்னை ஒரு நாளும் அவர் கண்ணு என்றதில்லை.

96க்குக் கிடைக்காத மரியாதை இந்த 78க்குக் கிடைத்தது. வயிறு எரிந்தது. போர்டில் 96ஐப் பார்த்த அன்றுகூட இவ்வளவு எரியவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தேன். “எப்பத் தெரியும் உனக்கு?”

“ஜூலை ரெண்டு, மூணு இருக்கும்க்கா. உங்க ஃபோல்டர்ல அந்த ஸ்கிரிப்டப் பாத்தேன். உங்க பேரு இருந்துச்சு. நீங்களே சொல்வீங்கன்னு பதினஞ்சு நாள் பாத்தேன்.”

“அப்பறம் ஏன் எம்பேரச் சொல்லல?”

“உங்களுக்கு ரெண்டு மாசத்துல தீசிஸ். இப்பப் போயி சொன்னா எல்லாத்தையும் மாத்தி எழுதச் சொல்வாங்க. எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்குக்கா. நான் தாங்கிக்குவேன்.” பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க” என்றாள்.

சின்ன வயது, தாங்கிக்கொள்வாள் என்று நான் எழுதியது போன வெள்ளிக்கிழமை.

ஜூலை 20, சனி

ஆடிக் காற்றில் மாடியில் காய்ந்த இரண்டு புடவை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. போய் வாங்கி வந்தேன். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாகக் கிண்டல் பண்ணாமல் கேட்டார்.

“இப்ப என்ன? அது பெரிய மனசு பண்ணிருச்சு. நீ பேசாம தீசிஸக் குடுத்துரு. யாருக்குத் தெரியப்போகுது” என்றார்.

“அவளுக்குத் தெரியுமே.”

“அதுதான் சொல்ல மாட்டேன்னுருச்சே.”

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று இவருக்கு எப்படிப் புரியவைப்பது. இனி பத்து வருடம் கழித்து என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று யாராவது போட்டால், அது பெனாசிர் பாவம் பார்த்து எனக்குக் கொடுத்தது.

ஜூலை 22, திங்கள்

ஒன்பது மணிக்கே சார் ரூமுக்குப் போய்விட்டேன்.

உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். ஃபைல் என்னுடையது, இரட்டிப்பாக்கியது நான், குறிப்பு எழுதாதது நான். பெனாசிர் ஜூன் மாதமே கேட்டாள், பார்க்காமலேயே பார்த்தேன் என்றேன். பழைய பேப்பர்களிலிருந்து எடுத்தது என்று பொய் சொன்னேன். ஜூலை 3 முதல் எனக்குத் தெரியும், கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. என் 84 உண்மையில் 71. எல்லாவற்றையும் தேதியோடு சொன்னேன். இந்த நோட்டு இருப்பதால் தேதி தப்பவில்லை.

பெனாசிருக்குக் கழற்றிய கண்ணாடியைச் சார் எனக்குக் கழற்றவில்லை. “கட்டுரைய வாபஸ் வாங்கணும். ரெண்டு, மூணு, நாலுன்னு மூணு அத்தியாயமும் திரும்பப் பண்ணணும். செப்டம்பர் நடக்காது. அடுத்த செப்டம்பர் நடந்தா பெருசு” என்றார். பிறகு, “கூட்டத்துலயே சொல்லிருக்கலாமே உமையாள்” என்றார்.

இதை மனசாட்சி என்று யாரும் எழுதிவிடக் கூடாது, நானும் எழுதப்போவதில்லை. மனசாட்சி இருந்திருந்தால் ஜூலை நாலாம் தேதியே போயிருப்பேன். என்னிடம் இருந்த ஒவ்வொன்றாக அவள் பக்கம் போனது. எண் போனது, ஹைதராபாத் போனது, ஸ்டெல்லா மேடம் போனார், சார் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை போனது. எல்லாம் அவள் தகுதிக்குக் கிடைத்தது, சரி. கடைசியில் நான் செய்த தப்பையும் அவள் எடுத்துக்கொண்டு, அதற்கும் பாராட்டு வாங்கினாள். அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

மத்தியானம் ஜர்னலுக்குக் கடிதம் எழுதி முடிக்கும்போது பெனாசிர் ஓடி வந்தாள். சார் சொல்லியிருக்கிறார். மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஏங்கக்கா இப்படிப் பண்ணீங்க? நான்தான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல. ஒரு வருஷம் போச்சே உங்களுக்கு.”

“அது என் தப்பு பெனாசிர்” என்றேன். “உனக்குக் கிடையாது.”

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். ஜனவரியிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு ஒன்று புரியவில்லை. நான் கடிதத்தின் கீழே என் பெயரை முழுசாக அடித்து, அவள் பார்க்கும்போதே அனுப்பினேன்.